இடது காது

உப்பளம் கல்லறையில் அன்று
குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.
பெயின்ட் வாளியால் இறைத்துக்கொண்டே
மிக்கேல் கேட்டான்,
பழைய ஆளை என்ன செய்யலாம் அக்கா.

பழைய ஆள் சிங்கராயன்.
பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா.
நாற்பத்தாறு வருடம் கழித்து
இரண்டு முழம் வெள்ளைத் துணியில் அடங்கினார்,
ஒரு பித்தளைப் பொத்தானும் சேர்த்து.
கால்மாட்டில் வைக்கச் சொன்னேன்.
மேலே தைரியநாதனை இறக்கினார்கள்.
குடும்பத்துக்கு ஒரு குழிதான், சாமி.
வேறு வாங்க நிலமும் இல்லை, காசும் இல்லை.

சிங்கராயன் போனபின்
வருடத்துக்கொரு முறை கான்சுலேட்டுக்குப் போய்
உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்திட்டேன்.
அவர்களும் நம்பிப் பணம் அனுப்பினார்கள்.
தைரியநாதனைக் கட்டிக்கொண்டேன்,
பென்ஷன் நின்றது.
பிரான்சு தேசத்துக் கணக்கில்
நான் அன்றைக்கே போய்ச் சேர்ந்தவள்.
இங்கே முதலியார்பேட்டையில்
அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

மோட்ச வாசலில் இராயப்பர்
என்ன தாள் கேட்பாரோ, தெரியாது.
இரண்டு கல்யாண ஓலையும் பெட்டியில் இருக்கிறது.

ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர் இவர்.
வலது காதைத் தறி தின்றுவிட்டது.
இடது காதில் சொன்னால்தான் எதுவும்.
அரிசி தீர்ந்தது,
பிள்ளைக்குக் காய்ச்சல்,
சங்கு ஊதியாச்சு எழுந்திரு.
நல்ல காதைத் தலையணையில் புதைத்துத் தூங்கினாரென்றால்
ஊரே எழுந்தாலும் அவர் எழமாட்டார்.
புரட்டிப் போட்டுக் கூப்பிடவேண்டும்.
நாற்பத்திரண்டு வருடம் புரட்டினேன்.
தோளில் என் கை படும் இடம்
எனக்கு இருட்டிலும் தெரியும்.

நவம்பர் ரெண்டுக்குப் பூசைப் பேர் கொடுக்கப் போனேன்,
உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு.
பங்கு ஆபீஸ் பையன்
உறவு என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினான்.
இரண்டாவது பேருக்கு நிமிர்ந்து பார்த்தான்.
அதையே எழுது தம்பி, என்றேன்.

அப்புறம்தான் உங்களிடம் கேட்டேன்,
உயிர்த்தெழும் நாளில் நான் யார் பக்கம் நிற்பது.
அங்கே கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை,
எல்லாரும் சம்மனசுகளைப்போல, என்றீர்கள்,
நனைந்த அங்கியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே.
இருக்கட்டும்.
சம்மனசுக்குப் புருஷன் எதற்கு.
அதில் எனக்கு வழக்கில்லை.

என் கவலை அதற்கு முந்தைய நிமிடம்.
எக்காளம் ஊதும் என்கிறீர்களே,
அந்த நிமிடம்.

சிங்கராயன் எழுந்துவிடுவார்.
பியூகிள் கேட்டுப் பழகிய உடம்பு.
பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் நாலரைக்கு
தானாக எழுந்து போர்வையைச் சதுரமாய் மடித்தவர்.
துணி மூட்டையிலிருந்தே
வரிசைக்கு வந்துவிடுவார், பொத்தான் போட்டு.

இந்த மனுஷன்?
கேட்கவே கேட்காது.
கொஞ்சம் கேட்டாலும் சங்கு என்று நினைத்து
மில்லைத்தான் மூடியாச்சே என்று
திரும்பிப் படுத்துக்கொள்வார்.
எல்லாரும் போனபின்
ஈரக் குழியில் ஒருத்தர் மட்டும்
குறட்டையோடு.

அதனால் ஒன்று எழுதி வையுங்கள், சாமி,
பங்குப் புத்தகத்தில், பென்சிலிலாவது.
என்னை அவருக்கு இடது பக்கம் வைக்கவேண்டும்.
பக்கத்தில் இடமில்லை என்பான் மிக்கேல்.
மேலேதான் முடியுமென்றால் மேலேயே,
முகத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்து.
பெட்டிப் பலகை அதற்குள் உளுத்திருக்கும்.
வாய் எட்டும்.

தோளில் ஒரு தட்டு,
காதில் ஒரு சொல்.
அதுவரை பெண்டாட்டியாக இருந்துகொள்கிறேன்.
அவர் கண்ணைத் திறந்தபின்
நீங்கள் சொன்னபடி.